எங்கள் எம்ஜிபிக்கு சைலன்சர் செய்துகொடுத்த குன்னூர் பட்டறை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சைலன்சர் வேலைக்காக வண்டியைக் கீழே சமவெளிக்கு இறக்க நினைத்தால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரு முறை இறக்கினேன். பணமும் போய், வண்டியும் கெட்டு மேலே வந்தது. அதைச் சரிசெய்தது குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஆற்றோரமாக, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் 'சைலன்சர் பாய்தானே' என்று கை காட்டுவார்கள்.

வண்டி 1966ஆம் வருட எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும் ரோட்ஸ்டர், மேலே மடக்குகிற துணிக் கூரை. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஊரில் செய்தது. 1798 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். புதிதாக வந்த நாளில் 95 குதிரைத்திறன். அப்பா ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தார். 1981இல் அந்த எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது, ஓடாமல் நின்றிருந்த இந்த வண்டியை 14,000 ரூபாய்க்கு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவின் இரண்டு வளையல் அதில் போனது. நான் ஓட்டக் கற்றதே இந்த வண்டியில்தான். அப்பாவுக்கு இப்போது 81 வயது, கிளட்சை மிதிக்க முழங்கால் விடுவதில்லை. அதனால் வண்டி என் கைக்கு வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் நான் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு கேத்தி வரை, வருடத்துக்கு நாலைந்து தடவை மேட்டுப்பாளையம். இவ்வளவுதான் அதன் ஓட்டம்.

சாதா இரும்பு சைலன்சர் எங்கள் ஊரில் நிற்பதில்லை. வெளியே மூடுபனியும் மழையும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் உள்ளேயிருந்து வருகிற தண்ணீர்தான் பெரிய எதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளி மூன்று கிலோமீட்டர். பைப் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தை விரட்டுவதற்குள் நான் வண்டியை நிறுத்திவிடுவேன். மிச்ச ஈரம் சத்தத்தை அடக்கும் சைலன்சர் பின்பெட்டியின் அடியில் தேங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வெளியே வரும். அப்பா காலத்தில் மட்டும் பின்பெட்டி மூன்று தடவை மாறியது.

அதனால்தான் நான்காவது தடவை எஸ்.எஸ். பைப்பில், அதாவது துருப்பிடிக்காத எஃகில், முழுதாகச் செய்துவிடலாம் என்று மூன்று வருடம் முன்னால் சமவெளியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெரிய கடை, பளபளப்பான தரை, சுவரெல்லாம் ரேஸ் கார் படங்கள். இரண்டரை இஞ்ச் பைப் போட்டார்கள். நடுவில் பெட்டி எதுவும் இல்லை, பின்னால் மட்டும் ஒன்று, அதுவும் நேர்க்குழாய். 'மேடம், வண்டி இனிமேதான் ஸ்போர்ட்ஸ் கார்' என்று சாவியைக் கொடுத்தார்கள். கீழே சமதளத்தில் ஓட்டியபோது எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. பர்லியாரிலிருந்து மேலே எங்கள் வண்டி இரண்டாவது கியரில், நிமிடத்துக்கு 2500 சுற்றில்தான் ஏறும். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அப்படியானால் 2500 சுற்றில் நொடிக்கு எண்பத்துச் சொச்சம் அதிர்வு. அந்த அதிர்வு பைப்பிலும் தரைத் தகட்டிலும் ஏறி, காதுக்குள் ஒரு பெரிய வண்டு புகுந்துகொண்ட மாதிரி ரீங்காரம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். எனக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. மேலே இருந்து இறங்கும் பஸ் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தால் கேட்கவில்லை. மலை ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். கொண்டை ஊசி வளைவில் கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்யும்.

இன்னொன்று, இழுவை போய்விட்டது. 1966 வண்டிக்கு முதல் கியரில் சிங்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. ஓடுகிற வண்டியில் வளைவுக்கு நடுவே முதல் கியருக்கு இறங்குவது சுலபமில்லை, இரண்டாவதிலேயே ஏற வேண்டும். 1500 சுற்றிலும் இன்ஜின் இழுத்தால்தான் அது நடக்கும். அந்தப் பெரிய பைப் போட்ட பிறகு வளைவில் வண்டி மூச்சுத் திணறியது. ஆறு மாதத்துக்குள், இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டோடு பைப்பை இணைக்கிற ஃபிளாஞ்ச் தகட்டில் விரிசல், அதைப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (நட்டு போடும் மரைக் கம்பி) உள்ளேயே முறிந்துவிட்டது. ஸ்பீட் பிரேக்கரில் எல்லாம் அடி தட்டியது. அந்தக் கடைக்குப் போன் செய்தேன். மலை ரோட்டில் ஓட்டினால் கேரண்டி இல்லை என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஒன்றரை வருடம் வண்டி ஷெட்டிலேயே நின்றது. ஊட்டியில் பழைய அம்பாசடர் வைத்திருக்கும் ஒரு டாக்சிக்காரர்தான் பாயைச் சொன்னார்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில், மலை ரயில் இன்ஜின்களுக்கு பாய்லர் வேலை பார்த்தவர். இவர் சின்ன வயதில் வெல்டிங் பழகி, மலையில் ஓடிய அம்பாசடர் டாக்சிகளுக்கெல்லாம் சைலன்சர் கட்டியே வாழ்ந்தவர். வண்டியின் பானெட்டைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. 'டீச்சர், இது நம்ம அம்பாசடர் இன்ஜினோட அண்ணன்ல!' என்றார். சரியாகத்தான் சொன்னார். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசியும் ஒரே பி சீரிஸ் குடும்பம். கார்புரேட்டரும் சைலன்சர் வாயும் ஒரே பக்கம் இருக்கும். நான்கு சிலிண்டருக்குப் புகை வெளியே வர மூன்று வாய்தான். இரண்டாவது சிலிண்டரும் மூன்றாவதும் நடு வாயைப் பங்கிட்டுக்கொள்ளும். நாற்பது வருடமாக அவர் கை பழகின வேலை.

அவர் முதலில் பைப்பைத் தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஈரச் சாக்கை மடித்துப் பின்குழாய் வாயை அழுத்தி மூடிவிட்டு, முன்னால் இருந்த பையனிடம் 'எங்க சீறுது பாரு' என்றார். மேனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் சீறியது. அப்புறம் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, 'பர்லியார் போயிட்டு வருவோம், நீங்களே ஓட்டுங்க' என்றார். கீழே இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் படபடவென்று வெடித்தது. நான் அதை கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்திருந்தேன். விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலோடு சூடான பைப்பில் சேர்ந்து வெடிக்கிறது என்று விளக்கினார். ஏறும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கையைத் தரைத் தகட்டில் வைத்துக்கொண்டே வந்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தப் பட்டறையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பதற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

'எல்லாரும் இன்ஜினுக்கு பேக் ப்ரெஷர், புகைக்கு எதிர்ல ஒரு அழுத்தம், வேணும்னு சொல்லுவாங்க டீச்சர். அது வேணாம். புகைக்கு வேகம்தான் வேணும். தோட்டத்துல ஓஸ் பைப் வாயைக் கட்டைவிரலால மூடினா தண்ணி தூரமா போகுதில்ல? பைப் அளவா இருந்தா முன்னாடி போற புகை பின்னாடி வர்றதையும் இழுத்துக்கிட்டுப் போகும். இத்தனாம் பெரிய பைப்புல புகை படுத்துத் தூங்குது. ஆறாயிரம் சுத்து ஓட்டுற ரேஸ்காரனுக்கு அது சரி. நீங்க ரெண்டாயிரத்துல ஏறுறீங்க.'

அப்புறம் ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்தார். இந்த இன்ஜினின் வெடிப்பு வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஓர வாய், நடு வாய், ஓர வாய், நடு வாய் என்று மாறி மாறி வரும். அசல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் இதைத் தெரிந்துதான் செய்யப்பட்டிருக்கிறது. ஓர வாய்கள் இரண்டும் சேர்ந்து ஒரு வழி, நடு வாய்க்குத் தனி வழி, கீழே இரண்டு துளை. இரண்டு வழியிலும் புகை முறைவைத்து வரும், ஒன்றையொன்று முட்டாது. முந்தின கடையில் அந்த இரண்டு துளைக்கும் அடியிலேயே ஒரு தொட்டி மாதிரி ஒட்டவைத்து ஒரே பைப்பாக்கியிருந்தார்கள். 'கம்பெனிக்காரன் கஷ்டப்பட்டுப் பிரிச்சு அனுப்பினதை வாசல்லயே கலக்கிட்டான்' என்றார் பாய். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு தரைப்படத்தை நான் போட்டதில்லை.

மேனிஃபோல்டை மாற்ற வேண்டாம், அதுவே நல்லது என்று சொல்லிவிட்டார். குழாய்க் கொத்து மாதிரி வளைத்துச் செய்த ஹெடர் போடலாமா என்று கேட்டேன். போட்டால் அவருக்குக் கூடுதலாகப் பத்தாயிரமாவது கிடைத்திருக்கும். வேண்டாம் என்றார். மெல்லிய குழாய் என்றால் கார்புரேட்டருக்கு அடியிலேயே சூடு கக்கும், கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் பெட்ரோல் கொதித்து வண்டி நிற்கும் என்றார்.

வேலை இப்படி நடந்தது. முதலில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்தார். இந்த வருட வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும் என்பதை நான் சொல்வதற்கு முன் அவரே பார்த்துவிட்டார். முறிந்த ஸ்டட்டை ட்ரில் போட்டு நோண்டவில்லை. மேனிஃபோல்டைக் கழற்றி வைஸில் கட்டி, ஸ்டட்டின் மிச்சத் தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்து, சூடு ஆறுவதற்குள் ஸ்பேனரில் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, முழுதாக உருவி எடுத்தார். ஆறு ஸ்டட்டும் புதிது, ஆறு நட்டும் பித்தளை. பித்தளை நட்டு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது, அடுத்த தடவை கழற்றுகிறவன் நம்மைத் திட்ட மாட்டான் என்பது அவர் கணக்கு.

பைப் 304 ரக எஸ்.எஸ்., பதினாறு கேஜ் கனம், இரண்டு இஞ்ச் விட்டம். ஃபிளாஞ்சிலிருந்து ஒரு முழம் வரை இரட்டைக் குழாயாக வந்து, பிறகு கூர்மையான ஒய் வடிவத்தில் ஒன்று சேர்கிறது. வளைவுகளுக்கு பைப்பை மெஷினில் வைத்து நசுக்கி வளைக்கவில்லை. உள்விட்டம் குறையாத ரெடிமேட் பெண்டுகளைக் கோவையிலிருந்து வரவழைத்து, வெட்டி, பொருத்தி, டிக் வெல்டிங் செய்தார். வெல்டு வைக்கும்போது பைப்பின் இரண்டு முனையையும் காகித டேப்பால் மூடி, காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவை உள்ளேயும் விட்டார். விடாவிட்டால் வெளியே தையல் அழகாக இருக்கும், உள்பக்கம் பொரிந்து புட்டு மாதிரி ஆகிவிடும், அங்கிருந்துதான் விரிசல் பிறக்கும். முந்தின கடையின் பைப்பை அறுத்து உள்ளே காட்டினார். அவர் சொன்ன மாதிரியே இருந்தது.

பெட்டி இரண்டு. நடுவில் ஒரு சின்னப் பெட்டி, சல்லடைக் குழாயைச் சுற்றி எஸ்.எஸ். கம்பிப் பஞ்சு, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு. கரகரப்பான மேல் சத்தத்தை அது குடித்துவிடும். பின்னால் பெரிய பெட்டி, உள்ளே தடுப்புச் சுவர்கள், புகை முன்னும் பின்னும் திரும்பி வெளியே வரும். அடிவயிற்றில் கேட்கிற ரீங்காரத்தை அடக்குவது இது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோதும் இரண்டு பெட்டிதான் இருந்தது. பின்பெட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு இஞ்ச் அளவுக்குத் துளை போட்டிருக்கிறார், தண்ணீர் வடிய. காலையில் ஸ்டார்ட் செய்தால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்க்கலாம். எங்கள் மூன்று பின்பெட்டிக்கும் இந்த ஒரு துளை போதுமாக இருந்திருக்கும்.

தொங்கவிடும் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. முந்தின கடையில் பைப்பை பாடியோடு இரும்புப் பட்டை வைத்து இறுக்கியிருந்தார்கள். எஸ்.எஸ். சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். இந்த வண்டியில் முன்னிருந்து பின்னால் வரை பத்தடி பைப். நன்றாகச் சூடேறினால் மொத்தத்தில் அரை இஞ்ச் நீளும். நீள இடம் கொடுக்காவிட்டால் எங்காவது பிய்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? இன்ஜினும் தன் ரப்பர் மேல் ஆடும், பைப் ஆடாது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது அந்த ஃபிளாஞ்ச். பாய் முன்பைப்பை கியர் பாக்ஸோடு ஒரு பிராக்கெட்டில் பிடித்து, இன்ஜினோடு சேர்ந்து ஆடும்படி செய்தார். அதற்குப் பின்னால் எல்லாம் மாருதி 800 சைலன்சர் ரப்பரில் தொங்குகிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும் ரப்பர். நான்கு துண்டாகக் கழற்றலாம், ஒவ்வொரு இணைப்பும் ஒன்றுக்குள் ஒன்று செருகி கிளாம்பு போட்டது. ஒரு பெட்டி போனால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

தரையில் தட்டும் பிரச்சினைக்கு, நடுக் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் போகும் ஓரடி நீளத்துக்கு மட்டும் பைப்பை முட்டை வடிவமாகச் செய்து மேலே ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறார். புகை போகும் இடம் ஏறக்குறைய அதேதான், உயரம் மட்டும் குறைவு. பழையதைவிட முக்கால் இஞ்ச் மேலே. இதை அவர் சும்மா அளந்து பார்க்கவில்லை. எங்கள் பள்ளி வாசல் ஸ்பீட் பிரேக்கரின் உயரத்தைக் கேட்டு வாங்கி, அதே அளவுக்கு ஒரு மரக்கட்டை செய்து, வண்டியில் என்னையும் தன் மகனையும் உட்காரவைத்து, டிக்கியில் இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றி அதன் மேல் ஓட்டவைத்தார்.

இனி குறைகள். ஐந்து நாள் என்று சொன்ன வேலை பதினாறு நாள் ஆனது. பெண்டு வரத் தாமதம், ஆர்கான் சிலிண்டர் தீர்ந்து கீழேயிருந்து வர இரண்டு நாள், நடுவில் மழையில் காட் ரோடு அடைபட்டது ஒரு நாள். காரணமெல்லாம் உண்மைதான், ஆனால் ஒன்றைக்கூட அவராகப் போன் செய்து சொல்லவில்லை. நான் போனால்தான் தெரியும். போனை எடுப்பதும் குறைவு. பட்டறையில் லிஃப்ட் இல்லை, குழிதான், ஒரு நேரத்தில் ஒரு வண்டி. வண்டியை வெளியே நிறுத்த வேண்டியிருந்தால் மூட ஒரு நல்ல தார்ப்பாய் நீங்களே கொண்டுபோங்கள், கூரை ஒழுகுகிறது. கார்புரேட்டரை அவர் தொட மாட்டார். சைலன்சர் மாறினால் கலவை மாறும் என்று தெரிந்தவர்தான், ஆனாலும் அது தன் வேலையில்லை என்று நிறுத்திக்கொள்கிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஒரு சிரமம்.

பொருத்தி எடுத்துவந்த முதல் வாரம் 1800 சுற்றுப் பக்கம் எங்கோ தகரம் உரசுவது போல் ஒரு சத்தம். திரும்பக் கொண்டுபோனேன். பின்பெட்டி பிராக்கெட் சூட்டில் நகர்ந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விரல் இடைவெளி விட்டு மாற்றி வெல்டு வைத்தார். லீஃப் ஸ்பிரிங் அமுங்கும்போது பின் ஆக்சிலும் தட்டாதபடி அங்கேயும் பார்த்துக்கொண்டார். அப்பா உட்காரும் பக்கம் தரை சூடாக இருக்கிறது என்று சொன்னதும், பைப்புக்கு மேல் ஒரு எஸ்.எஸ். தகட்டைக் காற்று போகும்படி தள்ளிப் பொருத்திக் கொடுத்தார். இரண்டுக்கும் காசு வாங்கவில்லை.

கார்புரேட்டர் வேலையை வீட்டு வாசலில் அப்பா சொல்லச் சொல்ல நான் செய்தேன். முந்தின கடையில் வெடிச்சத்தத்தை அடக்க இரண்டையும் பெட்ரோல் தூக்கலாக வைத்திருந்தார்கள். அது போக, எங்கள் ஊர் உயரம் 1850 மீட்டர், காற்று கீழே இருப்பதைவிட லேசு, கலவை தானாகவே பெட்ரோல் பக்கம் சாயும். பிளக் நான்கும் கரியாக இருந்தன. எஸ்யூ கார்புரேட்டருக்கு உள்ளேயே ஒரு பிஸ்டன் இருக்கும், அதைத் தூக்க அடியில் ஒரு சின்னக் கம்பி உண்டு. அதை மெல்ல, நகக்கண் அளவு தூக்க வேண்டும். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கி நின்றுபோனால் குறைவு, ஒரு கணம் ஏறித் திரும்ப அடங்கினால் சரி. பழைய பைப்பின் இரைச்சலில் இந்த வித்தியாசம் காதில் விழவே விழாது. அப்பா மோடாவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, 'இன்னும் ஒரு முகம் மேலே' என்றார். பெட்ரோல் அளவை மாற்றும் ஆறு பக்க ஜெட் நட்டில் ஒரு பக்கம்தான் ஒரு முகம். முன் கார்புரேட்டரில் இரண்டு முகம், பின்னதில் ஒன்றரை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் வண்டிக்குக் கை கொடுத்த நாள் அது.

ஓட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பர்லியார் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 1500 சுற்றுக்கு இறங்கினாலும் உதறாமல் இழுக்கிறது. 2500இல் அந்த ரீங்காரம் இல்லை. ஆழமான, உருண்டையான ஒரு சத்தம் பின்னால் கூடவே வருகிறது, அவ்வளவுதான். மூவாயிரத்துக்கு மேல் மிதித்தால் கொஞ்சம் கரகரப்பு ஏறும், எனக்கு அது பிடித்திருக்கிறது. காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்யும் முதல் ஒரு நிமிடம் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கிறது. இறக்கத்தில் இருபது கிலோமீட்டர் இன்ஜினைப் பிடித்தபடி இறங்கினாலும் ஒரு வெடிகூட இல்லை. ஓடைச் சத்தம் கேட்கிறது, மேலே வளைவில் பஸ் ஹாரன் கேட்கிறது, அப்பா பேசுவது கேட்கிறது.

நான் அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் பைக் பையன்கள் இரண்டு மூன்று பேர் வந்து, உள்தடுப்பை எடுத்துவிட்டுச் சத்தம் கூட்டித் தரச் சொன்னார்கள். கேட்டதற்கு மேலே காசும் தருவதாகச் சொன்னார்கள். பாய் செய்யவில்லை. பத்தாயிரம் வரை அபராதம் இருக்கிறது என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொன்னார். அப்புறம், 'ராத்திரி நம்ம தெருவுல காட்டுமாடு நிக்குது தம்பி, அது மிரண்டா யார் மேல பாயும்?' என்றார். எங்கள் தெருவிலும் வாரம் ஒரு தடவை நிற்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்தேன்.

பணம்: பைப்பும் பெண்டும் 7,800. பெட்டி இரண்டும் 6,500. ஃபிளாஞ்ச், பேக்கிங், ஸ்டட், நட்டு எல்லாம் சேர்த்து 2,200. ரப்பரும் கிளாம்பும் 900. கூலி 9,000. மொத்தம் 26,400 ரூபாய். கணக்கை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முந்தின கடையில் நான் கொடுத்தது இதைப்போல் ஒன்றரை மடங்கு. பழைய எஸ்.எஸ். பைப்பில் உருப்படியான துண்டுகளை எடைக்கு எடுத்துக்கொண்டு 600 ரூபாய் கழித்தும் விட்டார், அதை நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி இடதுபுறம் கீழே இறங்கும் சந்து. பெரிய வண்டி திரும்பாது, ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மூடியிருக்கும். காலை பத்து மணிக்கு முன் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்கும். சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவார்.